மலைக்கு ஒரு பேச்சு, சமவெளிக்கு ஒரு பேச்சு

தேயிலைக்குப் பேர்போன, மலேசியாவின் கேமரன் மலையில் ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று தேர்தல். மூன்றிலும் மேடையேறியவர்கள் எல்லாரும் மக்களின் பெயரால்தான் பேசினார்கள். எந்த மக்கள்?

2019 ஜனவரி. கேமரன் மலை இடைத்தேர்தலுக்கு வாக்களிப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது முன்னாள் பிரதமர் ஒருவர் பாடகராக அவதாரம் எடுத்தார். எழுபதுகளில் உலகமெங்கும் ஒலித்த 'கிஸ் அண்ட் சே குட்பை' பாட்டின் மெட்டு. மலாயில் புது வரிகள். சுற்றிலும் இளைஞர்கள் கோரஸ் பாட, நடுவில் நஜிப் ரசாக். காணொளி நாடெங்கும் கைபேசி கைபேசியாகத் தாவியது. சிரித்தவர்கள் பலர். ஆனால் சிரித்தவர்களும் கடைசிவரை பார்த்தார்கள்.

அதே நாட்களில்தான் இன்னொரு படமும் பரவியது. சாதாரண இளைஞர்கள் ஓட்டும் யமாஹா மோட்டார் சைக்கிளில் நஜிப் உட்கார்ந்திருக்கிறார். கூடவே ஒரு முழக்கம்: "மாலு ஆப்பா போஸ்கூ." நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், "எதுக்கு வெட்கம், பாஸ்?" முந்திய ஆண்டு மே மாதம் ஆட்சியை இழந்தவர், ஜூலையில் எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்தின் பண விவகாரத்தில் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். விசாரணை இன்னும் தொடங்கக்கூட இல்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம் என்று ரசிகர்கள் தைரியம் சொன்னார்கள்.

இந்த 'பாஸ்' யார்? நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் மூத்த மகன். பகாங் அரசவையின் நான்கு பெரும் பிரபுக்களில் ஒருவர். இங்கிலாந்தில் மால்வர்ன் கல்லூரியிலும் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். முப்பது வயது ஆவதற்கு முன்பே பகாங் மந்திரி பெசார் (மாநில முதல்வர்). பிறந்த ஊர் குவாலா லிப்பிஸ், இந்தத் தொகுதிக்குப் பக்கத்து ஊர். எளிய மனிதனின் குரலாகத் தன்னைக் காட்டிக்கொள்வதற்கு இவரைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடிப்பிடிக்க முடியாது. ஆனாலும் அது பலித்தது. ஏன் பலித்தது என்பதைவிட யாரிடம் பலித்தது, யாரிடம் பலிக்கவில்லை என்று பார்த்தால்தான் கேமரன் மலையின் கதை புரியும்.

தேயிலை மட்டுமல்ல தொகுதி

கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர்களுக்குப் பிரிஞ்சாங் என்றால் பாசார் மாலாம் (இரவுச் சந்தை), ஸ்ட்ராபெரி, சோளம், கியா பார்ம் சந்தையில் ஊர்ந்து நகரும் கார்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் குனோங் பிரிஞ்சாங் போகும் ஒடுங்கிய பாதையில் ஏறிச் சுங்கை பாலாஸ் தோட்டத்தைப் பார்க்கலாம். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. சரிவில் துருத்திக்கொண்டு நிற்கும் மேடையில் நின்று தேநீர் குடித்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கீழே தெரியும் தொழிலாளர் குடியிருப்புகள் படத்தில் அழகாகத்தான் விழும்.

அந்தச் சரிவுகளை வெட்டித் திருத்தியவர்கள் தமிழர்கள். இன்று பெட்டி மாட்டிய கத்தரியோடு நிரையில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசிகள், நேபாளிகள், இந்தோனேசியர்கள். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தூள் தேறும், எடைக்குத்தான் காசு. அந்த வேலையைத் தமிழ்ப் பிள்ளைகள் விட்டுப் பல காலமாகிறது. லோரி ஓட்டுகிறார்கள், காய்கறித் தோட்டம் போடுகிறார்கள், ஹோட்டலில் வேலை பார்க்கிறார்கள், பட்டணம் இறங்கிவிட்டார்கள். ஆனால் தேர்தல் வந்தால் மேடையில் ஒலிப்பது மட்டும் இன்னும் "தோட்டப் பாட்டாளி மக்களே"தான். மக்களைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் அந்த மக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. கைதட்டல் வாங்கிக் கொடுத்த பழைய படமே அவர்களுக்குப் போதும்.

இன்னொன்று. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி என்பது தேயிலைச் சரிவுகளோடு முடிவதில்லை. அதற்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஒன்று தானா ராத்தா: ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா எல்லாம் இதில் அடக்கம். மற்றொன்று ஜெலாய். அது லிப்பிஸ் மாவட்டம், வெக்கைப் பூமி, சுங்கை கோயான் பெல்டா நிலத்திட்டம், செம்பனை, மலாய்க் கம்பங்கள், காட்டோரத்து ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடியினரின் குடியிருப்புகள். சுற்றுலாப் பயணி யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பாதிதான் பெரும்பாலும் தீர்ப்பு எழுதுகிறது.

2018-ல் தொகுதியில் ஏறக்குறைய 32,000 வாக்காளர்கள். மூன்றில் ஒரு பங்கு மலாய்க்காரர். முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சீனர். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓராங் அஸ்லி. இந்தியர் 15 சதவீதம்; பெரும்பாலும் தமிழர். எந்த இனத்தை வைத்தும் தனியாக வெல்ல முடியாது. நல்ல விஷயம்தானே, நான்கு பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேச வேண்டிவருமே என்று நினைக்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு. நான்கு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள்.

பிரிஞ்சாங்கில் செராமா (அரசியல் கூட்டம்) எப்படி நடக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, குளிருக்குச் சால்வை போர்த்திய பாட்டிகள், பொட்டலம் கட்டிய மீகூன், மைக் சோதனை. முதலில் உள்ளூர்க் கிளைத் தலைவர் தமிழில்: தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், மானியம். அடுத்து ஒருவர் மாண்டரினில்: காய்கறி நிலம், அந்நியத் தொழிலாளர் பெர்மிட். பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய தலைவர் மலாயில், நடுநடுவே "வணக்கம்", "நம்பிக்கை" என்று இரண்டு தமிழ்ச் சொல் தூவுவார். அதற்குத்தான் பலத்த கைதட்டல். மறுநாள் அதே கட்சி ஜெலாய்ப் பக்கம் கீழே இறங்கும். அங்கே பேச்சு இனத்தையும் சமயத்தையும் தொடும். மேலே மலையில் தூவிய சொற்கள் ஒன்றுகூடக் கூட வராது. சமையல்காரர் ஒரே உலையில் பந்திக்கு ஒரு குழம்பு வைக்கிற மாதிரிதான். யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் காரம்.

ஜெர்மானிய அரசியல் அறிஞர் யான்-வெர்னர் முல்லர் 2016-ல் எழுதிய நூலில் இப்படிப்பட்ட தலைவர்களை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறார்: மேட்டுக்குடியைத் திட்டுவது மட்டும் அடையாளமல்ல, "நாங்கள் மட்டுமே உண்மையான மக்கள்" என்று உரிமை கொண்டாடுவதுதான் அடையாளம். நல்ல அளவுகோல். ஆனால் கேமரன் மலை மாதிரி ஓர் இடத்தில் அது பாதிதான் பொருந்துகிறது. இங்கே கூட்டத்துக்கு ஒரு 'உண்மையான மக்கள்' தயாரிக்கப்படுகிறார்கள். மேலே நீங்கள் மக்கள். கீழே இறங்கியதும் அந்த மக்களுக்கு ஆபத்தாக இருப்பவரும் நீங்களே.

பழைய கடன்கள்

இந்த வித்தையை நமக்கு நஜிப்பின் கட்சியான அம்னோ கற்றுத்தந்தது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. தமிழனுக்கு மேடை மேல் உள்ள மோகம் ஊரறிந்தது. பெரியார் 1929-லும் 1954-லும் மலாயாவுக்கு வந்தார். அண்ணா 1965-ல் வந்தார். தோட்டத்து மக்கள் விழித்ததில் அந்த மேடைகளுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க மாட்டேன். கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: நன்றாகப் பேசுகிறவர் நல்லது செய்வார் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலையைக் கணக்குப் பார்க்கலாம். 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். தொழிலாளிகள் மாதாமாதம் சிறு தொகை கட்டித் தோட்டத்தையே வாங்குவது திட்டம். சம்பந்தன் அடுக்குமொழிப் பேச்சாளர் இல்லை. தோட்டம் தோட்டமாக நடந்து கணக்குச் சொன்னார். சங்கம் இன்றும் இருக்கிறது.

1982-ல் மைக்கா ஹோல்டிங்ஸ். துன் சாமிவேலு காலம். பேச்சு என்றால் அது பேச்சு. தோட்டத்து மைதானங்கள் அதிர்ந்த காலம். நூறு மில்லியன் வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) மேல் சேர்ந்தது. பங்கு வாங்கியவர்கள் அறுபதாயிரத்துக்கும் அதிகம். தாலியைத் தவிர மற்றதை அடகு வைத்து வாங்கியவர்கள் இல்லாத தோட்டம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். 28 ஆண்டுகள் கழித்து, 2010-ல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு கொடுத்துக் கதையை முடித்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்ற வழக்குகளுக்குள் நான் போகவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது ஒன்றுதான்: முதலாவதில் உறுப்பினருக்குக் கணக்கு காட்டப்பட்டது, இரண்டாவதில் கனவு காட்டப்பட்டது.

இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப்பைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர் வீதியில் இறங்கியவர்களின் குமுறல் நூற்றுக்கு நூறு உண்மை. உடைக்கப்பட்ட கோயில்கள் உண்மை. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் வறுமை உண்மை. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் உண்மை. ஆனால் லண்டனில் போட்ட வழக்கு? நான்கு டிரில்லியன் அமெரிக்க டாலர் நஷ்டஈடு. ஆளுக்கு ஒரு மில்லியன் டாலர். அந்தப் பணம் வரும் என்று நம்பிய பாட்டிகள் இருந்தார்கள். காலனிக் கொடுமையை உலகத்தின் காதில் போடுவதற்கு அது ஓர் உத்தி என்று வாதாடலாம். உத்தி என்று அந்தப் பாட்டிகளிடம் யார் சொன்னார்கள்?

அன்றைய எதிர்க்கட்சியான நம்பிக்கைக் கூட்டணியின் மேடைகளும் விதிவிலக்கல்ல. 2018-க்கு முன்பு நாடற்ற இந்தியர்கள் மூன்று லட்சம் பேர் என்று முழங்கினார்கள். ஆட்சிக்கு வந்தால் நூறு நாளில் தீர்ப்போம் என்றார்கள். வந்தார்கள். 2018 ஆகஸ்டில் பிரதமர் மகாதீர் அறிவித்தது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை. 3,407 பேருக்கும் அது பெரும் பேறு, மறுக்கவில்லை. மூன்று லட்சத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் தொலைந்தது வெறும் எண் அல்ல. உண்மையிலேயே அட்டை இல்லாமல் அலைகிறவரின் வழக்கை, ஊதிப் பெருக்கிய எண் பொய்யாக்கிவிட்டது. அதிகாரி மேசையில் அவர் போய் நிற்கும்போது "உங்கள் ஆட்கள் சொன்ன கணக்கே தப்பாயிற்றே" என்ற ஏளனம் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

அதே ஆகஸ்டில் மகாதீர் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். ஜெயிப்போம் என்று எதிர்பார்க்கவே இல்லை. அதனால்தான் கனமான தேர்தல் அறிக்கை போட்டோம் என்றார். அறுபது ஆண்டு அரசியலில் ஓர் அரசியல்வாதி சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அது என்று நினைக்கிறேன். சொல்லியிருக்க வேண்டியது தேர்தல் நாளான மே 9-க்கு முன்பு.

முப்பது வெள்ளி

கேமரன் மலையில் 2013-ல் அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் ஜி. பழனிவேல் வென்றது 462 வாக்கு வித்தியாசத்தில். 2018-ல் ம.இ.கா.வின் சி. சிவராஜ் வென்றது 597 வாக்கில். இரண்டு முறையும் தோற்றவர் ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) எம். மனோகரன். தொகுதியில் தமிழ் வாக்கு ஏறக்குறைய 4,800 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசத்தைப்போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு. துருப்புச்சீட்டு நம் கையில்தான் இருந்தது. என்ன கிடைத்தது?

பழனிவேலுக்கு இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சர் பதவி கிடைத்தது. மலையை மொட்டையடித்துக் காய்கறித் தோட்டம் போடுகிறார்கள், மண் சரிகிறது, ஆறு சேறாகிறது என்று ஊரே புலம்பிய காலம். அந்தத் தொகுதியின் உறுப்பினரே சுற்றுச்சூழல் அமைச்சர்! அவர் பதவியேற்ற அதே ஆண்டு, 2013 அக்டோபர் 23-ல் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் வேலியில் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் வெள்ளமும் மண்சரிவும் சாவும். கட்சிக்குள் பதவிச் சண்டையில் மூழ்கியிருந்த ம.இ.கா.வுக்கு மலையைப் பார்க்க நேரமில்லை.

2018 தேர்தலை எதிர்த்து மனோகரன் வழக்குப் போட்டார். நவம்பர் 30-ல் தேர்தல் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்றது. ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்கும் கிராமத் தலைவர்களுக்கும் 30 வெள்ளி முதல் 1,000 வெள்ளி வரை கைமாறியது நிரூபணமானது.

முப்பது வெள்ளி. பிரிஞ்சாங்கில் இரண்டு பேர் உட்கார்ந்து ஸ்டீம்போட் சாப்பிட முடியாது. ஏழைகள் விலைபோய்விட்டார்கள் என்று நகரத்தில் எழுதினார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. அறுபது ஆண்டாகச் சாலை கேட்டவர், தண்ணீர் கேட்டவர், தன் முன்னோர் காட்டுக்குப் பட்டா கேட்டவர், ஒன்றும் கிடைக்காதவர். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைக்கு வருவது ஒரு தாள் என்றால் அதை வாங்கிக்கொள்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. பேச்சைவிட அது உறுதியானது. சரவாக்கின் சிபுவில் 2010 இடைத்தேர்தலில் "நீங்கள் எனக்கு உதவுங்கள், நான் உங்களுக்கு உதவுகிறேன்" என்று வெளிப்படையாகவே பேரம் பேசியவர் பிரதமர் நஜிப். மேலே பிரதமர் வெள்ளத் தடுப்பு மில்லியன்களில் பேசினார். கீழே ஏஜெண்டு முப்பதில் பேசினார். விலை மட்டும்தான் வேறு.

இடைத்தேர்தல் வந்ததும் அரசாங்கம் மாறியிருந்ததே தவிர குரல் மாறவில்லை. அரசு நியமித்து, அரசு படித்தொகை கொடுக்கும் தோக் பாத்தின்கள் என்னும் ஓராங் அஸ்லி கிராமத் தலைவர்கள் ஆளுங்கூட்டணியைத்தான் ஆதரிக்க வேண்டும் என்ற தொனியில் ஆளுங்கட்சி செனட்டர் ஒருவர் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். நேற்றுவரை இதே மிரட்டலை எதிர்த்துக் குரல் கொடுத்த கூட்டணி அது.

அம்னோவும் ம.இ.கா.வும் அடங்கிய தேசிய முன்னணி வேறொரு காய் நகர்த்தியது. ம.இ.கா.வின் பாரம்பரியத் தொகுதி என்று இத்தனை காலம் சொல்லி வந்ததை ஓரமாக வைத்துவிட்டு, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. ஓராங் அஸ்லி சமூகத்தைச் சேர்ந்தவர். ம.இ.கா. விட்டுக்கொடுத்தது. பாஸ் என்னும் இஸ்லாமியக் கட்சி போட்டியிடவில்லை, கை கொடுத்தது.

காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் கடைசியில் சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோயில் கலவரம். அதில் காயம்பட்ட தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பர் 17-ல் இறந்தார். நடுவே டிசம்பர் 8-ல், இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா ஏற்கக் கூடாது என்று கோலாலம்பூரில் மாபெரும் பேரணி. அரசாங்கம் ஏற்க மாட்டோம் என்று பின்வாங்கியது நவம்பர் 23-ல். பேரணி நடந்தது அதற்குப் பிறகு! கோரிக்கை நிறைவேறிய பிறகும் ஊர்வலம் போகிறது என்றால் அது கோரிக்கைக்காக அல்ல. யார் சொந்தக்காரர், யார் வாடகைக்காரர் என்று காட்டுவதற்காக. நம்பிக்கைக் கூட்டணி ஆட்சியை ஜ.செ.க. ஆட்டுவிக்கிறது, மலாய்க்காரர் உரிமை பறிபோகிறது என்ற பேச்சு அந்தப் பேரணியிலிருந்து நேராக ஜெலாய்க் கம்பங்களுக்கு இறங்கியது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த வேட்பாளர் ஜ.செ.க.காரர், தமிழர். சொல்ல வேண்டிய மீதியைக் கேட்பவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் 'போஸ்கூ' வேலை செய்தார். அவர் மேடையில் இனவெறி கக்கத் தேவைப்படவில்லை. விலைவாசி, செம்பனை விலை, நின்றுபோன உதவித்தொகை என்று வயிற்றைப் பற்றிப் பேசினார், சிரித்தார், செல்பி எடுத்துக்கொண்டார். தன்மேல் உள்ள வழக்கை, சாதாரண ஜனங்கள்மேல் மேல்தட்டு காட்டும் இளக்காரமாக மாற்றிவிட்டார். "என்னைக் கேலி செய்கிறவர்கள் உங்களையும்தான் கேலி செய்கிறார்கள்." இதை அவர் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, மோட்டார் சைக்கிள் சொன்னது. நகரத்து விமர்சகர்கள் அந்தப் படத்தைப் பார்த்து எவ்வளவு சிரித்தார்களோ அவ்வளவுக்கு அது உறுதிப்பட்டது.

ஜனவரி 26. ரம்லி 12,038. மனோகரன் 8,800. வித்தியாசம் 3,238. சுயேச்சைகள் இருவரும் சில நூறு வாக்குகளோடு முடிந்தார்கள். வாக்களிப்பு எழுபது சதவீதத்தை எட்டவில்லை. 2018-ல் தேசிய முன்னணிக்கு 10,307, பாஸ் கட்சிக்கு 3,587. இரண்டையும் கூட்டினால் 13,894 வர வேண்டும். அந்த அளவுக்குக்கூட அவர்கள் எட்டவில்லை. மனோகரனும் தன் 9,710-லிருந்து 900-க்கும் மேல் இழந்தார். ஆக, யாரும் பெரிதாக யாரையும் மனம் மாற்றிவிடவில்லை. ஒரு தரப்பு தன் ஆட்களைச் சேர்த்துக்கட்டியது. மறு தரப்பின் ஆட்களில் ஒரு பகுதி வீட்டிலேயே இருந்துவிட்டது. மேடைப் பேச்சின் வல்லமையைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி மிகை.

நாடு விடுதலை பெற்று 61 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் ஓராங் அஸ்லி உறுப்பினர் மக்களவைக்குப் போனார். அது வியூகமாக வந்திருக்கலாம். ஆனாலும் நியாயம் நியாயம்தான். தோற்ற தரப்பில் சிலர் அதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிட்டது சிறுமை. கூடவே நமக்கான கணக்கும் மாறிப்போனது. 597-ல் தொங்கிக்கொண்டிருந்தபோது 4,800 வாக்குக்கு மதிப்பு இருந்தது. 3,238 என்று ஆனபோது "வணக்கம்" சொல்லவே ஆள் தேவைப்படாத நிலை வந்தது.

எவர் கையில் எது

ஜனரஞ்சகப் பேச்சைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: சொல்கிறவர் கையில் அது இருக்கிறதா? மலேசிய அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். கேமரன் மலையின் காய்கறி விவசாயிகளில் ஏராளமானவர்கள் பல ஆண்டுகளாக வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் உழுதவர்கள். நீண்டகாலக் குத்தகை என்பது இங்கே நிரந்தர வாக்குறுதி. 2018-ல் மத்திய ஆட்சி மாறியது. பகாங் ஆட்சி மாறவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்து நிலம் தருகிறேன் என்றவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. மாநிலத் தலைநகர் குவாந்தானில் அதிகாரம் வைத்திருந்தவர்களோ, அத்தனை ஆண்டு தராததை இடைத்தேர்தல் மாதத்தில் தருவதாகப் பேசினார்கள்.

சம்பளமும் அப்படியே. ஐந்து ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி என்பது நம்பிக்கைக் கூட்டணியின் வாக்குறுதி. முதலில் அறிவித்தது 1,050. தொழிற்சங்கங்களும் பி.எஸ்.எம். கட்சியும் தெருவில் இறங்கிய பிறகு 1,100 ஆயிற்று. நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1, இடைத்தேர்தல் மாதமே. ஐம்பது வெள்ளியைக் கூட்டித் தந்தது எந்த நாவலரும் அல்ல. பதாகை பிடித்து வெயிலில் நின்ற ஆட்கள். 1,500 கடைசியில் வந்தது 2022 மே மாதம், வேறு பிரதமர் காலத்தில்.

இலங்கை மலையகத்துக் கதையோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே 2015 முதல் தேர்தலுக்குத் தேர்தல் 1,000 ரூபாய் நாள் சம்பளம் என்று பேசினார்கள். அது கைக்கு வந்தது 2021-ல். அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க 1,700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது அடிப்படைச் சம்பளம் 1,350-ல் நின்றது. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அங்கே தமிழன் இன்னும் நிரையில் நிற்கிறான் என்பதுதான் வேறுபாடு. 1948-ல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும், 1956-ல் சிங்களம் மட்டும் என்று முழங்கி ஆட்சியைப் பிடித்ததும் ஓட்டு ஜனநாயகத்துக்கு உள்ளிருந்தே நடந்தவை. எந்த ராணுவமும் வந்து செய்யவில்லை.

மீண்டும் மலேசியாவுக்கு வந்தால், நஜிப்பின் கதை தெரிந்ததுதான். 2020 ஜூலை 28-ல் 12 ஆண்டு சிறை, 210 மில்லியன் வெள்ளி அபராதம். 2022 ஆகஸ்ட் 23-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து உள்ளே அனுப்பியது. 2024-ல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாக்கி அபராதத்தை 50 மில்லியனாகக் குறைத்தது. மோட்டார் சைக்கிள் ரசிகர்களில் ஒருவருக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் நம்மையும் மேல்தட்டு என்பார்கள்.

2022 நவம்பர் பொதுத் தேர்தலில் "அன்வாரும் வேண்டாம், ஜ.செ.க.வும் வேண்டாம்" என்று அம்னோ முழங்கியது. கேமரன் மலையில் ரம்லி மீண்டும் வென்றார். தொங்கு நாடாளுமன்றம் அமைந்தது. சில நாட்களில் நம்பிக்கைக் கூட்டணியின் அன்வார் பிரதமர், அம்னோவும் ஜ.செ.க.வும் ஒரே அமைச்சரவையில். ரம்லி மக்களவைத் துணைச் சபாநாயகர். பகாங்கிலும் இரு கூட்டணிகளும் சேர்ந்தே ஆட்சி. மாநிலம் அவர்கள் கையில், மத்தி இவர்கள் கையில் என்ற சாக்கு தீர்ந்துபோனது. அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். ம.இ.கா. பழைய தொகுதியைக் கேட்குமா, ஜ.செ.க. நேற்றுவரை எதிர்த்தவருக்குச் சுவரொட்டி ஒட்டுமா என்பதெல்லாம் பேரத்தில் முடிவாகும். மேடைப் பேச்சாளர்களுக்குத்தான் சங்கடம்: ஜெலாய்ப் பக்கம் இறங்கும்போது எதிரி என்று கைநீட்டிக் காட்ட இப்போது யாரைப் பிடிப்பது?